மூன்றாவது தூணில் ஒரு வெள்ளைப் புள்ளி

இது கதை இல்லை. நடந்தது. எனக்கு நடந்தது. நம்புகிறவர்கள் நம்பலாம், முடியாதவர்கள் பக்கத்தைத் திருப்பிவிடலாம். எனக்கு இரண்டிலும் வருத்தமில்லை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுராத்திரி, சுடுகாடு, நாய் ஊளை... அதெல்லாம் இதில் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்குத் தொடங்கியது. பிற்பகல் நான்கு மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வெளியே கண்ணைக் கூசுகிற வெயில்.

நான் பயந்தாங்கொள்ளியும் இல்லை. எட்டு வயதில் மணல் சலித்தவன். பத்து வயதில் ஜல்லிச் சட்டி தூக்கியவன். எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் கட்டட வேலைதான். சாரத்திலிருந்து ஆள் விழுந்ததைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலை அதே சாரத்தில் ஏறியிருக்கிறேன். செத்தவனெல்லாம் திரும்பி வருவதென்றால் கட்டட வேலை நடக்கிற இடத்தில் உயிரோடிருப்பவனுக்கு நிற்க இடம் இருக்காது என்று கிண்டலடித்தவன் நான்.

என் அப்பா கம்பி கட்டுகிறவர். ஆற்றின் குறுக்கே பெரிய பாலம் கட்டியபோது அதில் வேலை பார்த்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஒரு நாள் வேலைக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. அவரோடு அதே பாலத்தில் வேலை செய்த சித்தப்பாதான் மறுநாள் எங்களிடம் சொன்னார்: "அண்ணன் ஒரு பொம்பளையோட பஸ் ஏறிப் போயிடுச்சு. என் கண்ணால பார்த்தேன்." அம்மா அழவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அப்பா பெயரை எடுக்கவில்லை. கையெழுத்துப் போடப் பழகியபோது என் பெயருக்கு முன்னால் அவர் எழுத்தைப் போட எனக்கு மனம் வரவில்லை. "இனிஷியல் எங்கப்பா?" என்று கேட்பார்கள். "பஸ் ஏறிப் போயிடுச்சு" என்பேன். சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். முப்பது வருஷம் அவரை இப்படித்தான் வைது தீர்த்தேன்.

என்னையும் தங்கையையும் வளர்த்துவிட்டது சித்தப்பா. அந்தப் பாலத்திலேயே அவருக்கு நிரந்தர வேலை கிடைத்தது. இரும்புக்குத் துரு ஏறாமல் பெயின்ட் அடிக்கிற வேலை. பாலம் நகரத்தில் இறங்குகிற முனையில் வேலையாட்களுக்கான வரிசை வீடுகள் இருக்கின்றன. அதில் ஒன்று எங்களுக்குக் கிடைத்தது. அம்மா இன்றும் அங்கேதான் இருக்கிறார், நானும்தான். ஓடிப்போனவன் பெண்டாட்டிக்கு எவன் வீடு கொடுப்பான் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. இல்லாத வீட்டில் வளர்ந்தவன் கிடைத்ததை வாங்கிக்கொள்வான். கேள்வி கேட்க மாட்டான்.

நான் இப்போது பார்ப்பது அச்சு வேலை. நோட்டீஸ், விசிட்டிங் கார்டு அல்ல, கலைப்படங்கள். ஓவியர்களும் புகைப்படக்காரர்களும் கொண்டுவருகிற படத்தைப் பஞ்சுக் காகிதத்தில், நிறம் மங்காத மையில், கதவகலத்துக்கு அச்சிட்டுக் கொடுப்போம். ஒவ்வொரு பிரதியோடும் ஒரு சான்றிதழ் போகும். 'இந்தப் படம் நூறு வருஷத்துக்கு மாறாது.' அதன் கீழே என் கையெழுத்து.

அந்த வாரம் புதன்கிழமை ஒரு புகைப்படக்காரம்மா வந்தார். எழுபது தாண்டியவர். கைத்தடியை மேஜைமேல் டொக்கென்று வைத்தார், ஒரு உறையை நீட்டினார். உள்ளே உள்ளங்கை அளவு நெகட்டிவ். நகரத்தின் கட்டட வரிசை, அதன் முன்னால் ஆறு, ஆற்றின்மேல் பாலம். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், பாலம் திறந்த புதிதில் எடுத்தது.

"இருபது பிரதி. செவ்வாய்க்கிழமை வந்து கையெழுத்துப் போடறேன். இந்தப் பாலம் தெரியுமா தம்பி?"

"தெரியும்மா. எங்க வீடே அது காலடியிலதான்."

"அப்ப பார்த்துப் பண்ணுவீங்க," என்றார்.

பழைய நெகட்டிவ் என்றால் தூசி இருக்கும். ஸ்கேன் செய்யும்போது ஒவ்வொரு தூசியும் படத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியாக விழும். கணினித் திரையில் பெரிதாக்கி ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டும். வியாழக்கிழமை முழுக்க அதுதான் வேலை. முந்நூறுக்கு மேல் துடைத்தேன். பாலத்தின் மூன்றாவது தூணிலும் ஒன்று இருந்தது, அரிசியில் பாதி. ஒரே தேய்ப்பு. போனது. வெள்ளையாக இருந்தால் தூசி. எங்கள் தொழிலில் அதை யாரும் இரண்டு முறை பார்ப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடையில் நான் மட்டும். முதலாளி ஊரில் இல்லை. அச்சு அறைக்கு ஜன்னல் கிடையாது. காகிதம் கெடாமலிருக்க அறையின் ஈரப்பதம் எப்போதும் 45 இருக்க வேண்டும், சுவரில் அதற்கு ஒரு மீட்டர் உண்டு. பார்த்தேன். 45.

9.48. சோதனைப் பிரதி வெளியே வந்தது. மூன்றாவது தூணில், தண்ணீருக்கு மேலே, வெள்ளைப் புள்ளி. வியாழக்கிழமை துடைத்ததுதானே என்று திரையில் பார்த்தேன். அங்கேயும் இருந்தது. சேமிக்காமல் விட்டிருப்பேன் என்று நினைத்துத் துடைத்தேன்.

10.02. இரண்டாவது சோதனைப் பிரதி. புள்ளி அப்படியே இருந்தது. இல்லை, அப்படியே இல்லை... ஒரு நூல் மேலே இருந்தது. திரும்பவும் துடைத்தேன். எரிச்சலில் அழுத்தித் துடைத்தேன்.

10.14. மூன்றாவது. சுத்தம்.

10.20க்கு இருபது பிரதிகளையும் ஓட விட்டேன். ஒரு பிரதிக்குச் சரியாகப் பதினைந்து நிமிடம். மை தெளிக்கிற தலை இடமும் வலமும் ஓடும். ஷ்ர்ர்க்... ஷ்ர்ர்க்... வெளியே வருவதைக் கையுறை போட்டு எடுப்பேன், வானத்தில் கோடு விழுந்திருக்கிறதா என்று பார்ப்பேன், மேஜையில் வைத்து மெல்லிய தாளால் மூடுவேன். முதல் நான்கும் நன்றாக வந்தன. தண்ணீரில் மட்டும் ஏதோ ஒரு மினுக்கம். வெயில் பட்டிருக்கும்.

11.35. ஐந்தாவது பிரதி. தூணில் வெள்ளைப் புள்ளி.

பஞ்சுக் காகிதத்தில் பிசிறு இருக்கும். பிசிறு விழுந்த இடத்தில் மை ஒட்டாது. தூரிகையால் காகிதத்தைத் தட்டிவிட்டேன்.

11.50. ஆறாவது. புள்ளி இன்னும் மேலே ஏறியிருந்தது.

திரையைப் பார்த்தேன். திரையில் புள்ளி இல்லை. தூண் வெறுமையாக இருந்தது. மெஷினுக்குப் போகிற படத்தில் இல்லாத ஒன்று, மெஷினிலிருந்து வருகிற படத்தில் இருந்தது.

லென்ஸை எடுத்துக் காகிதத்தின்மேல் வைத்தேன். வெள்ளைக்குக் கீழே கருப்பாக ஒரு கீற்று. கீற்றின் அடியில் அது இரண்டாகப் பிரிந்திருந்தது.

தூசிக்குக் கால் கிடையாது.

மூடி வைத்த தாள்களை ஒவ்வொன்றாகத் தூக்கினேன். ஒன்றாவது பிரதி: ஆற்றின் நடுவே வெள்ளையாக ஏதோ மிதந்தது. இரண்டாவது: அது தூணுக்குப் பக்கத்தில் வந்திருந்தது. மூன்றாவது: தூணின் அடியில் இருந்தது. நான்காவது: தண்ணீருக்கு மேலே. நான் வெயில் என்று நினைத்த மினுக்கம் வெயில் இல்லை. துண்டு. தலையில் கட்டிய வெள்ளைத் துண்டு.

12.05. ஏழாவது. அப்போதுதான் சத்தம் கேட்டது. ஷ்ர்ர்க்... ஷ்ர்ர்க்... அதற்கு நடுவே, டிங் டிங். மெஷினில் அப்படி ஒரு சத்தம் கிடையாது. எனக்கு அந்தச் சத்தம் தெரியும். குறடால் கம்பியைத் தட்டுகிற சத்தம். முடிச்சை முறுக்குவதற்கு முன்னால் இரண்டு தட்டு. எங்கள் அப்பா அப்படித்தான் தட்டுவார்.

மீட்டரைப் பார்த்தேன். 58. அறையில் ஈர சிமென்ட் வாடை.

ஓடியிருக்கலாம். கதவு நான்கடி தூரத்தில்தான் இருந்தது. லென்ஸ் வழியே பார்த்த அந்தத் துண்டு என்னை விடவில்லை. முடிச்சு இடது காதுக்கு மேலே இருந்தது. எல்லாரும் பின்னால் முடிச்சுப் போடுவார்கள். அப்பா வலது தோளில் கம்பி சுமப்பார், அதனால் முடிச்சை இடது பக்கம் தள்ளிவிடுவார். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பிரதிக்குப் பிரதி அவர் ஏறிக்கொண்டிருந்தார்.

2.05. பதினைந்தாவது. தூணின் உச்சியில் இருந்தார். நிறுத்துகிற பொத்தானை அழுத்தினேன். மெஷினின் விளக்கு அணைந்தது.

மை தெளிக்கிற தலை நிற்கவில்லை.

ஷ்ர்ர்க்... டிங் டிங்... ஷ்ர்ர்க்...

2.20. பதினாறாவது. பாலத்தின்மேல் நின்றார். முகம் நகரத்தைப் பார்த்து. எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்து.

2.24க்குச் சித்தப்பாவுக்குப் போன் செய்தேன்.

"என்னடா? ஞாயித்துக்கிழமையும் உன்னை விடமாட்டானா உன் முதலாளி?"

"சித்தப்பா. அப்பா எந்த பஸ்ல போனாரு?"

அந்தப் பக்கம் டிவி சத்தம் நின்றது.

"முப்பது வருஷம் ஆச்சு. இப்ப எதுக்கு அது?"

"எந்தப் பக்கம் போற பஸ்? அதையாவது சொல்லுங்க."

"ஞாபகம் இல்லடா."

"மூணாவது தூண் ஞாபகம் இருக்கா?"

அவர் எழுந்து கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, மெதுவாக:

"யார்றா உனக்குச் சொன்னது?"

அவ்வளவுதான். எந்தத் தூண் என்று அவர் கேட்கவில்லை. என்ன உளறுகிறாய் என்று கேட்கவில்லை. யார் சொன்னது என்று கேட்டார். முப்பது வருஷம் நான் கும்பிடாத குறையாக மதித்த மனிதர்.

"கால் வழுக்கிருச்சுடா," என்றார். "தூணுக்கு அடிச்சிருந்த பலகைப் பெட்டிக்குள்ள விழுந்திருச்சு. மேலேருந்து கான்கிரீட் கொட்டிக்கிட்டு இருக்கு. நிறுத்துங்கன்னு கத்தினேன். நடுவுல நிறுத்தினா தூண் ஒட்டாது, மொத்தமா இடிக்கணும்னு இன்ஜினியர் சொல்லிட்டாரு. அண்ணன் ரெண்டு கையையும் தூக்கி ஆட்டுச்சு. ஆட்டிக்கிட்டே..."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"கான்கிரீட் கொட்டற குழாய் என் கையிலதாண்டா இருந்துச்சு."

2.35. பதினேழாவது. பாலத்தில் நடந்துகொண்டிருந்தார்.

"அம்மாகிட்ட எப்படிப் பொய் சொல்ல மனசு வந்துச்சு?"

"அண்ணிகிட்ட நான் பொய் சொல்லல." அவர் அழுதுகொண்டிருந்தார். "அன்னைக்கே எல்லாத்தையும் சொல்லிட்டேன். வேலை தர்றோம், வீடு தர்றோம், வாயைத் திறக்காதீங்கன்னு அவங்க சொன்னதையும் சொன்னேன். ரெண்டு பிள்ளைங்கள வச்சுக்கிட்டு அண்ணி எங்கடா போவாங்க? ஊருக்கு என்ன சொல்றதுன்னு நான்தான் கேட்டேன். பஸ் ஏறிப் போயிட்டாருன்னு சொல்லுன்னு அண்ணிதான் சொன்னாங்க."

போனைக் கீழே வைத்தேன். அணைத்தேனா என்று நினைவில்லை.

2.50. பதினெட்டாவது. பாலத்தின் பாதியைத் தாண்டியிருந்தார். மீட்டர் 81.

3.05. பத்தொன்பதாவது. பாலம் இறங்குகிற முனை. துண்டை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார்.

3.20. இருபதாவது.

பாலம் காலி.

மெஷின் நின்றது. டிங் டிங் நின்றது. சிமென்ட் வாடை போய்விட்டது. மீட்டர் 45.

3.24க்கு என் போன் அடித்தது. அம்மா.

"அம்மா?"

அவர் என்னிடம் பேசவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு வேறு யாரிடமோ பேசினார். "உள்ள வாங்க," என்றார். "உள்ள வந்துதான் பேசுங்களேன்..."

வண்டியை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. 3.52க்கு வீட்டு வாசலில் இருந்தேன்.

தெருவிலிருந்து எங்கள் வாசற்படி வரைக்கும் நான்கு காலடித் தடங்கள். செருப்பில்லாத கால். சாம்பல் நிறம். நான்காவது தடம் படியின்மேல், உள்ளே பார்த்தபடி. குனிந்து தொட்டுப் பார்த்தேன். ஈரம் இருக்கும் என்று நினைத்தேன். கல்லாக இருந்தது. கான்கிரீட் முழுப் பலம் பிடிக்க இருபத்தெட்டு நாள் ஆகும். சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரிந்த பாடம் அது. இது அரை மணி நேரம்.

அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷத்துக்கு முன்னால் உட்கார்ந்த அதே மாதிரி.

"யாரும்மா வந்தது?"

"நீதானே அனுப்பினே?"

அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"உள்ள வரச் சொன்னேன். வரல," என்றார். "திட்டல. கோபப்படல. ஒண்ணே ஒண்ணு கேட்டாரு."

"என்ன கேட்டாரு?"

அம்மா திரும்பி என்னைப் பார்த்தார்.

"நான் எந்த பஸ்ல போனேன்னு கேட்டாருடா."

அதை நான் சித்தப்பாவிடம் மட்டும்தான் கேட்டிருந்தேன். ஜன்னல் இல்லாத அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. சித்தப்பா அன்று அம்மாவோடு பேசவில்லை. அம்மாவின் போனையும் பார்த்துவிட்டேன். அதற்குப் பிறகும் சித்தப்பா எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்குப் புகைப்படக்காரம்மா வந்தார். அதுவரை அந்த அடுக்கை நான் திறக்கவே இல்லை. இருபது பிரதியும் பாழ், படம் எடுத்தவர் கேட்டால் என்ன சொல்வது என்று நின்றுகொண்டிருந்தேன். அவர் ஒவ்வொரு தாளாகத் தூக்கினார். லென்ஸ் வைத்துப் பார்த்தார். ஒன்று, இரண்டு, ஐந்து, பதினைந்து, இருபது. நானும் எட்டிப் பார்த்தேன்.

எதிலும் யாரும் இல்லை. தண்ணீர், தூண், பாலம். அவ்வளவுதான்.

"சுத்தமா இருக்கு," என்றார். குரலில் சந்தோஷம் இல்லை. "ரொம்பச் சுத்தமா இருக்கு. என் ஆளு எங்கே?"

"எந்த ஆளும்மா?"

"மூணாவது தூண்ல நிப்பாரே, தலையில வெள்ளைத் துண்டோட. தூசின்னு துடைச்சிட்டீங்களா?"

நெகட்டிவ் இருந்த உறையை எடுத்தேன்.

"எடுக்கும்போது நானும் பார்க்கல. பிலிம் கழுவினப்புறம்தான் தெரிஞ்சார். அந்த இடத்துல ஏணி கிடையாது, ஆழமான தண்ணி. எப்படி ஏறினார்னு இன்னைக்கு வரைக்கும் புரியல. அப்பவே பன்னெண்டு பிரதி போட்டேன். வாங்கினவங்க எல்லாம் அவருக்காகத்தான் வாங்கினாங்க. ரெண்டு கையையும் தூக்கி ஆட்டுவார். நம்மளைப் பார்த்து டாட்டா காட்டறாரு, எவ்வளவு சந்தோஷம் பாருங்கன்னு சொல்லுவாங்க."

நெகட்டிவை விளக்குப் பெட்டியின்மேல் வைத்துப் பார்த்தோம். தூண் காலி. புகைப்படக்காரம்மா கைத்தடியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மாலை 6.10க்கு அவரே போன் செய்தார். அவர் வீட்டுச் சுவரில் இருபத்தெட்டு வருஷமாகத் தொங்குகிற பழைய பிரதியிலும் ஆள் இல்லையாம்.

முன்பின் தெரியாத பன்னிரண்டு வீடுகளில் அப்பா இத்தனை வருஷமாகக் கையை ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறார். பார்த்தவர்கள் டாட்டா என்றார்கள். ஒரு வீட்டில் பஸ் ஏறிப் போய்விட்டார் என்றார்கள். நான் ஒருவன்தான் அவரை மூன்று முறை துடைத்தேன்.

இருபது சான்றிதழிலும் கையெழுத்துப் போட்டேன். பெயருக்கு முன்னால் அவர் எழுத்தைப் போட்டேன். முதல் முறையாகப் போட்டதால் கோணலாக வந்தது.

அந்த வார இறுதியில் ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்து வாசலில் இருந்த தடங்களைக் கொத்தி எடுக்கச் சொன்னேன். இரண்டு உளி முனை மழுங்கிப்போனது. "இது புதுக் கலவை இல்ல தம்பி," என்றார். "இந்த மாதிரிப் பெரிய ஜல்லி இப்ப யாரும் போடறதில்ல. எப்படியும் முப்பது வருஷம் இருக்கும். ஆனா படி மட்டும் புதுசா இருக்கே?" போன வருஷம்தான் நான் அந்தப் படியைப் பெயர்த்துக் கட்டினேன்.

தடங்கள் அப்படியே இருக்கின்றன. அம்மா தினமும் அவற்றைத் தாண்டித்தான் வெளியே போகிறார், தாண்டித்தான் உள்ளே வருகிறார். ஒன்றை மட்டும் நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. நான்கு தடமும் வீட்டைப் பார்த்து வருகிற தடம். படத்திலும் அவர் இப்போது இல்லை.

திரும்பிப் போன தடம் ஒன்றுகூட இல்லை.